‘தி எக்ஸ்பேன்ஸ்’: எடைகூட இலவசமில்லாத உலகம்

கேள்வி இதுதான்: “‘தி எக்ஸ்பேன்ஸ்’ தொடரில் மூன்று எபிசோடுகள் பார்த்தேன். யார் எந்தப் பக்கம், எதற்காக முறைத்துக்கொள்கிறார்கள், நடுநடுவே பேசுகிற மொழி எது, ஒன்றும் பிடிபடவில்லை. அறிவியல் புனைவு ரசிகர்கள் எல்லோரும் இதன் உலக உருவாக்கத்தைத்தான் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். எதையுமே விளக்காத ஓர் உலகத்தில் கொண்டாட என்ன இருக்கிறது?”

பிடிபடாமல் போனதில் உங்கள் தவறு எதுவுமில்லை. நானும் முதல்முறை மூன்றாவது எபிசோடோடு மூடிவைத்தவன்தான். ஓராண்டு கழித்து, காய்ச்சலில் படுத்திருந்த ஒரு வாரத்தில், வேறு எதுவும் பார்க்க இல்லாமல் மறுபடி தொடங்கினேன். 2015 டிசம்பரில் ஆரம்பித்து 2022 ஜனவரியில் முடிந்த 6 சீசன்கள், மொத்தம் 62 எபிசோடுகள். இதுவரை மூன்று சுற்று முடித்திருக்கிறேன். எனவே இதை நடுநிலை விமர்சகனின் பதிலாக நினைக்க வேண்டாம், ரசிகனின் பதிலாகவே வாசியுங்கள். பிற்பகுதித் திருப்பங்கள் சிலவற்றைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. தெரிந்துவிட்டால் சுவை கெட்டுவிடும் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பின்னணி சுருக்கமாக: சில நூற்றாண்டுகளுக்குப் பிறகான காலம். பூமியை ஐக்கிய நாடுகள் அவை ஆள்கிறது. செவ்வாய் தனி நாடு. ராணுவ ஒழுங்கில் வளர்ந்த சமூகம். சிறுகோள் பட்டையிலும் அதற்கு அப்பாலும் பிறந்து வளர்ந்த உழைப்பாளிகள் பெல்டர்கள். உள் கோள்களுக்கு, அதாவது பூமிக்கும் செவ்வாய்க்கும், வேண்டிய கனிமத்தை வெட்டித் தருபவர்கள் இவர்கள். தண்ணீருக்கும் மூச்சுக் காற்றுக்கும் அடுத்தவர் கையை எதிர்பார்த்து நிற்பவர்களும் இவர்களே.

என் கட்சி என்னவென்றால், இந்த உலகம் ஒரு மறுப்பிலிருந்து முளைத்தது. செயற்கை ஈர்ப்பு விசை கிடையாது என்று படைத்தவர்கள் முதலிலேயே முடிவெடுத்துவிட்டார்கள். உடல், மொழி, கட்டடம், போர், அரசியல், பகை எல்லாம் அந்த ஒரு முடிவிலிருந்து கிளைவிட்டவை.

விண்வெளித் தொடர்களில் கப்பலுக்குள் எல்லோரும் சாதாரணமாக நடமாடுவதை நாம் கேள்வி கேட்பதே இல்லை. தரைக்கு அடியில் ஏதோ ஒரு கருவி எடையை உண்டாக்குகிறது என்று வைத்துக்கொள்கிறோம். அந்தக் கருவிக்குப் பின்னால் அறிவியல் எதுவுமில்லை, தயாரிப்பாளரின் கணக்குப் புத்தகம்தான் இருக்கிறது. நடிகர்களைக் கம்பியில் மிதக்கவிட்டுப் படம்பிடிப்பது செலவும் இம்சையுமான வேலை. 1966-இல் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’கில் ஆட்களை ஒளியாகக் கரைத்துக் கோளில் இறக்கும் கருவி வந்ததற்கும் இதே போன்ற காரணம்தான்: ஒவ்வொரு வாரமும் கப்பல் தரையிறங்குவதைக் காட்டப் பணம் போதவில்லை. இதில் கேவலம் எதுவுமில்லை. ஆனால் ஒரு வசதியை இலவசமாகக் கொடுத்தவுடன் அதைச் சுற்றி முளைத்திருக்கக்கூடிய நூறு சிக்கல்கள் காணாமல் போகின்றன. சிக்கல்கள் போனால் அவற்றோடு வாழப் பழகிய மனிதர்களும் போகிறார்கள்.

‘தி எக்ஸ்பேன்ஸ்’ எடுத்துக்கொண்ட பெரிய சலுகை ஒன்றே ஒன்று: எப்ஸ்டீன் எஞ்சின். மிகக் குறைந்த எரிபொருளில் நாள்கணக்கில் தொடர்ந்து உந்தித் தள்ளக்கூடிய அணுக்கரு இணைவு எஞ்சின். கப்பல் முடுக்கத்தில் இருக்கும்வரை, லிஃப்ட் மேலே கிளம்பும்போது கால் தரையில் அழுந்துவதுபோல, உள்ளே இருப்பவர்களுக்கு எடை இருக்கும். எஞ்சினை நிறுத்தினால் எடை போய்விடும். ஆகவே இந்தக் கப்பல்களின் உள்ளமைப்பு மாடிக் கட்டடம் போன்றது. எஞ்சின் அடித்தளத்தில், தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவே ஏணி. பாதி வழியில் எஞ்சினை அணைத்து, கப்பலைத் தலைகீழாகத் திருப்பி, மறுபாதி தூரம் முழுக்க வேகத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும்.

ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூமியும் செவ்வாயும் மிக நெருங்கிவரும்போது இடைவெளி ஏறத்தாழ 5.5 கோடி கிலோமீட்டர். பூமியின் ஈர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு முடுக்கத்தில் கிளம்பிப் பாதியில் திரும்பினால் பயணம் சுமார் 3 நாள். நடுவழியில் வேகம் நொடிக்கு 400 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். இன்றைய விண்கலங்களுக்கு அதே பயணம் ஆறேழு மாதம். தொடரின் அரசியலுக்கு இந்த மூன்று நாள் தேவை. பயணம் மாதக்கணக்கில் இழுத்தால் பேரரசு நடத்த முடியாது. நிமிடத்தில் முடிந்தால் தூரம் என்ற ஒன்றே இல்லாமல் போகும். செய்தி அனுப்பினாலும் இதே கதைதான். ஒளியின் வேகத்தைத் தாண்ட முடியாது என்பதால் செவ்வாயிலிருந்து பூமிக்கு ஒரு வார்த்தை வந்துசேர 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். வியாழன் பக்கம் நடப்பதை அதிகாரிகள் பார்க்கும்போது அது நடந்து அரைமணி நேரத்துக்கும் மேலாகியிருக்கும். கையைப் பிசைந்துகொண்டு திரையைப் பார்க்கும் அந்தக் காட்சிகளின் பதற்றம் அங்கிருந்து வருகிறது.

அந்த எஞ்சினுக்கு ஒரு பிறப்புக் கதையும் உண்டு. இரண்டாம் சீசனில், கதைக்கு நூறாண்டுகளுக்கும் முன்னால் வாழ்ந்த சாலமன் எப்ஸ்டீனைக் காட்டுகிறார்கள். தன் கப்பலின் எஞ்சினைக் கொஞ்சம் மாற்றியமைத்துச் சோதித்துப் பார்க்கிறார். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு நன்றாக வேலை செய்கிறது. முடுக்கம் அவரை இருக்கையோடு அழுத்திவிடுகிறது; நிறுத்த வேண்டிய பொத்தானை நோக்கிக் கை எழவில்லை. மனித குலத்துக்குச் சூரியக் குடும்பத்தையே திறந்துவிட்ட மனிதர் தன் கண்டுபிடிப்பின் பாரத்திலேயே நசுங்கிச் சாகிறார். எஞ்சின் எப்படி இயங்குகிறது என்று தொடர் விளக்குவதே இல்லை. அது ஓர் உடலை என்ன செய்யும் என்பதை மட்டும் காட்டுகிறது. விளக்கம் இல்லை என்ற உங்கள் குறைக்கு என்னிடம் இருக்கும் முதல் பதில் இந்தக் காட்சிதான்.

உடல் என்றதும் பெல்டர்களிடம் வருவோம். குறைந்த எடையில் வளரும் குழந்தையின் எலும்பு நீளும், மெலியும், அடர்த்தி குறையும். அதற்கு மருந்து உண்டு; மருந்துக்குக் காசு வேண்டும். முதல் சீசனின் துப்பறிவாளர் மில்லர் அனாதையாக வளர்ந்தவர். மலிவு மருந்து கொடுத்ததால் அவருடைய முதுகெலும்பின் மேல்முனை சரியாக வளராமல் துருத்திக்கொண்டிருக்கும். இது ஒரு உரையாடலில் போகிறபோக்கில் வந்துவிட்டுப் போகிறது. ஒரு மனிதனின் வர்க்கத்தை அவனுடைய முதுகெலும்பில் எழுதிவைத்த வேறு தொடர் எனக்குத் தெரிந்து இல்லை.

இதன் மறுபக்கம் முதல் எபிசோடிலேயே வருகிறது. பூமியில் பிடிபட்ட ஒரு பெல்டரை விசாரிக்கிறார்கள். அடிக்கவில்லை, மின்சாரம் பாய்ச்சவில்லை. கொக்கிகளில் தொங்கவிட்டுவிட்டுப் பூமியின் ஈர்ப்பை அதன் வேலையைச் செய்ய விடுகிறார்கள். நமக்கு வெறும் நிற்பது என்பது அவனுக்குச் சித்திரவதை. விசாரிப்பவர் அவசரலா, ஐ.நா. அதிகாரி, அதற்குச் சற்று முன்புதான் பேரனோடு கொஞ்சிக்கொண்டிருந்த பாட்டி. நான்காம் சீசனில் இதே உண்மை வேறு குரலில் திரும்பி வருகிறது. விண்வெளியிலேயே பிறந்த நவோமி வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கோளின் தரையில் நடக்க ஆசைப்படுகிறாள். மாதக்கணக்கில் மருந்தும் பயிற்சியும். இறங்குகிறாள், ஆனந்தப்படுகிறாள், உடல் ஒத்துழைக்க மறுக்கிறது. கடைசியில் சுற்றுப்பாதைக்கே திரும்பிவிட வேண்டியதாகிறது. வில்லன் யாருமில்லாத இந்தச் சோகம் பெரிய போர்க் காட்சிகளைவிட என்னை அதிகம் பாதித்தது.

பெல்டர் மொழியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது அர்த்தமில்லாத முனகல் இல்லை. நிக் ஃபார்மர் என்ற மொழியியலாளர் தொடருக்காகவே உருவாக்கிய கலப்பு மொழி. பல கண்டங்களிலிருந்து வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள் பேசினால் எப்படித் திரண்டிருக்குமோ அப்படி. ‘பெல்டலௌடா’ என்றால் பெல்டர்களாகிய நாம். ‘இன்யலௌடா’ என்றால் உள் கோள்காரர்கள். எனக்குப் பிடித்தது, ஒரே ஆள் இடத்துக்கு ஏற்றபடி எவ்வளவு கலக்கிறான் என்பது. முதலாளியிடம் கொஞ்சம், கூட்டாளியிடம் நிறைய, கோபத்தில் முழுக்க. கூடவே கைஜாடைகள். விண்வெளி உடைக்குள் தலையசைத்தால் எதிராளிக்குத் தெரியாது. அதனால் ஆமாம், இல்லை, தெரியாது எல்லாம் கைக்கு இறங்கிவிட்டன. இப்போது உடை இல்லாமல் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும்போதும் கை தானாக எழுகிறது. தேவை போய்ப் பழக்கம் மிஞ்சுவது. பல பெல்டர்களின் கழுத்தில் வளையமாகப் பச்சை குத்தியிருப்பதும் இதே வகை. பழைய, மட்டமான உடைகளின் தலைக்கவச வளையம் கழுத்தில் ஏற்படுத்திய காயத் தழும்பின் நினைவு அது. முன்னோர் பட்ட காயத்தைப் பேரப்பிள்ளைகள் அணிகலனாகப் போட்டுக்கொள்கிறார்கள். தொடருக்குள் யாரும் இதை உட்கார்ந்து விளக்குவதில்லை. சொந்தப் பாட்டனின் தழும்பை ஒரு பெல்டர் இன்னொரு பெல்டருக்கு எதற்கு விளக்குவான்?

விளக்கமின்மை பற்றிய என் இரண்டாவது பதில் இதுதான். அங்கே வாழ்பவனுக்குத் தெரிந்ததை அவன் பேசமாட்டான்; நாம் ஒட்டுக்கேட்கிறோம், அவ்வளவுதான். மில்லர் எப்போதும் ஒரு தொப்பி போட்டிருப்பார். ஏன் என்று கேட்டால் மழைக்கு என்பார். அவர் பிறந்து வளர்ந்தது சிறுகோள் பட்டையின் மிகப் பெரிய உருண்டையான செரிஸில்; அதன் உள்ளே குடைந்த குடியிருப்பில் வானமே கிடையாது. இந்த நகைச்சுவை அங்குள்ளவர்களுக்குப் புரியும். அதில் ஒளிந்திருக்கும் பூமி மோகமும், அதற்காக மற்ற பெல்டர்கள் அவரை ஏளனமாகப் பார்ப்பதும் நமக்கு நான்கு எபிசோட் கழித்துப் புரியும்.

செரிஸின் தண்ணீர்க் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தொடர் தொடங்குவது சனியின் வளையங்களிலிருந்து பனிக்கட்டி ஏற்றிக்கொண்டு செரிஸுக்குப் போகும் ஒரு பழைய சரக்குக் கப்பலில். இதைப் படித்த யாருக்கும் உடனே ஒரு சந்தேகம் வரும். செரிஸிலேயே பனி ஏராளமாக இருக்கிறதே, சனியிலிருந்து எதற்கு ஏற்றிவர வேண்டும்? நாசாவின் டான் விண்கலம் 2015 மார்ச்சில் செரிஸின் சுற்றுப்பாதையில் நுழைந்து ஆராய்ந்ததில் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே பனி இருப்பது தெரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்த தொடர் இதற்கு முன்கூட்டியே பதில் வைத்திருந்தது. செரிஸில் தலைமுறை தலைமுறைக்குப் போதுமான பனி இருந்தது. பூமியும் செவ்வாயும் தமக்காகச் சுரண்டி எடுத்துக்கொண்டுவிட்டன என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். ஓர் அறிவியல் ஓட்டையை அரசியல் வரலாற்றால் அடைத்துவிட்டார்கள். அடைத்த இடத்திலிருந்து ஒரு புரட்சியே முளைக்கிறது. பனி ஏற்றிய அந்தக் கப்பல் அழியும்போது செரிஸ் மக்கள் தெருவில் இறங்குவது மாலுமிகள் மேலுள்ள பாசத்தால் மட்டுமில்லை. அடுத்த மாதத் தண்ணீர் போய்விட்டது.

காற்றும் இப்படியே. ஆரம்ப எபிசோடுகளில், காற்று வடிகட்டியை மாற்றாமல் காசு மிச்சம் பிடிக்கும் ஒருவனால் குடியிருப்பில் ஒரு குழந்தை இருமிக்கொண்டிருக்கும். மில்லர் முதலில் லஞ்சம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். பிறகு மனசு கேட்காமல் திரும்பி வந்து, அவனைக் காற்றடைப்பு அறையில் தள்ளிக் காற்றைக் குறைக்கிறார். முதல்முறை பார்த்தபோது இது வழக்கமான கெட்ட போலீஸ் காட்சியாகத் தெரிந்தது. மூன்றாம் சுற்றில்தான், மொத்தத் தொடரின் பொருளாதாரமும் அந்த அறைக்குள் இருக்கிறது என்று உறைத்தது.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு மூன்றாம் சீசனில் வருகிறது. அதற்கு ஒரு கப்பலின் வரலாறே வேண்டும். பல தலைமுறைகள் பயணம் செய்து இன்னொரு விண்மீனை அடைவதற்காக மார்மன் மதத்தினர் நாவூ என்ற பிரம்மாண்டக் கப்பலைக் கட்டுகிறார்கள். நூறாண்டுப் பயணத்தில் பெரும்பகுதி எஞ்சின் ஓடாது என்பதால் அதன் நடுவே ஒரு மாபெரும் உருளை. அது சுழன்று எடை தர வேண்டும். கோயில், வயல், எல்லாம் அதற்குள். பெல்டர்கள் அதை அபகரித்து ஒரு சிறுகோள்மீது மோதவிடப் பார்க்கிறார்கள், தப்பிவிடுகிறது. பிறகு பீரங்கிகளைப் பொருத்திப் பெஹிமத் என்று பெயர் மாற்றிப் போர்க்கப்பல் ஆக்குகிறார்கள். வேண்டாத வேலை. வீடாகக் கட்டியதைக் கோட்டையாக்கிய கோணல் அதன் ஒவ்வொரு மூலையிலும் தெரியும். உள் கோள்காரர்கள் சிரிப்பார்கள்.

அதற்குப் பிறகு, மூன்று தரப்புக் கப்பல்களும் ஒரு மர்மமான வளையத்துக்குள் நுழைந்திருக்கும்போது, அங்குள்ள ஏதோ ஒரு சக்தி எல்லாக் கப்பல்களையும் ஒரே கணத்தில் நிறுத்திவிடுகிறது. கப்பல் நின்றது, உள்ளிருந்த மனிதர்கள் நிற்கவில்லை. சுவரில் மோதி ஆயிரக்கணக்கில் காயம். எஞ்சினை ஓட்ட முடியாது, ஆகவே எடை கிடையாது. எடை இல்லாத இடத்தில் காயத்திலிருந்து இரத்தம் வடியாது. உள்ளேயே தேங்கி ஆளைக் கொல்லும். இப்போது எடை உண்டாக்கக்கூடிய கப்பல் அந்த வெளியில் ஒன்றே ஒன்று, எல்லோரும் கேலி செய்த பெஹிமத். உருளையைச் சுழலவிடுகிறார்கள். நேற்றுவரை ஒருவரை ஒருவர் குறிவைத்திருந்த பூமிக்காரர்களும் செவ்வாய்க்காரர்களும் தங்கள் காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு பெல்டர் கப்பலின் வாசலுக்கு வருகிறார்கள். மதத்துக்காகக் கட்டியது, போருக்காகத் திருடியது, மருத்துவமனையாகிறது. எழுத்தாளர் தன் வசதிக்காகப் புகுத்திய திருப்பமாக இது எனக்குப் படவில்லை. இரண்டு சீசனுக்கு முன்பே அந்த உருளையைச் சுழலும்படி கட்டியதிலிருந்து தானாக இறங்கி வருகிறது. நல்ல உலக உருவாக்கம் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த மருத்துவமனைதான்.

செவ்வாயின் வீழ்ச்சியும் இந்த ரகம். செவ்வாயைப் பசுமையாக்கும் கனவுக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கூரைக்கடியில் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்ந்த மக்கள் அவர்கள். திடீரென்று அந்த மர்ம வளையத்தின் வழியே 1,300-க்கும் அதிகமான புதிய விண்மீன் மண்டலங்களுக்கு வழி திறக்கிறது. காற்றும் தண்ணீரும் ஏற்கெனவே உள்ள கோள்கள். இனி எதற்காக இந்தச் சிவப்புப் புழுதியில் நூறாண்டு காத்திருக்க வேண்டும்? குண்டு ஒன்றுகூட விழாமல் ஒரு நாடு உள்ளுக்குள் காலியாகிறது. வேலை இழந்த ராணுவத்தினர் ஆயுதங்களைக் கள்ளச்சந்தையில் விற்கிறார்கள். அந்த ஆயுதங்களும், கண்ணுக்குச் சிக்காமல் மறைக்கும் பூச்சும் ஒரு பெல்டர் தீவிரவாதியிடம் போய்ச்சேர, ஐந்தாம் சீசனில் பூமிமீது பாறைகள் விழுகின்றன. காரணச் சங்கிலியின் ஒரு கண்ணிகூட விட்டுப்போகவில்லை. ஆனால் நான்காம் சீசனில் செவ்வாய்ப் பகுதிகள் மெதுவாக நகர்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவற்றின் அருமை அடுத்த சீசனில்தான் தெரிகிறது.

பூமி? அங்கே எனக்கு மனக்குறை உண்டு. வேலையில்லாத கோடிக்கணக்கானவர்களுக்கு அரசு அடிப்படை உதவி தருகிறது என்கிறார்கள். இரண்டாம் சீசனில் செவ்வாய் வீராங்கனை பாபி கடலைப் பார்க்க ஆசைப்பட்டுக் காவலைத் தாண்டி நகரத்துக்குள் நடக்கும்போது அந்த மக்களைச் சந்திக்கிறாள். மருத்துவப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பல பத்தாண்டுகளாக வரிசையில் காத்திருக்கும் ஒருவரிடம் பேசுகிறாள். அற்புதமான காட்சி. அதோடு சரி. அதன் பிறகு பூமி என்றால் பெரும்பாலும் கண்ணாடிச் சுவர் போட்ட அலுவலகங்களும் அவசரலாவின் சேலைகளும்தான். சேலைகள் அழகு, மறுக்கவில்லை.

பிழைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள். முதல் சீசனில் மில்லர் கோப்பையில் மது ஊற்றும்போது அது வளைந்து விழும். செரிஸைச் சுழலவிட்டு எடை உண்டாக்கியிருக்கிறார்கள் என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் உணர்த்தும் காட்சி. ரசிகர்கள் எல்லோருக்கும் பிரியமானது. ஆனால் கணக்கு ஒத்துவராது. செரிஸின் விட்டம் சுமார் 940 கிலோமீட்டர். பூமியின் ஈர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு எடை வர அது ஏறத்தாழ 40 நிமிடத்துக்கு ஒருமுறை சுழன்றால் போதும். இவ்வளவு பெரிய ஆரத்தில் இவ்வளவு மெதுவான சுழற்சியில், ஒரு சாண் உயரத்திலிருந்து விழும் திரவம் விலகுவது ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. அப்படிக் கண்ணுக்குத் தெரியும்படி வளைய வேண்டுமென்றால் சின்னஞ்சிறு வளையம் வேகமாகச் சுழல வேண்டும். போதாததற்கு, உண்மையான செரிஸை அந்த வேகத்தில் சுற்றினால் மேற்பரப்பில் உள்ளதெல்லாம் பிய்த்துக்கொண்டு பறக்கும். பாறையும் பனியும் கலந்த அந்த உருண்டைக்கு அதைத் தாங்கும் வலிமை கிடையாது. இது தெரிந்த பிறகும் அந்தக் காட்சி எனக்குப் பிடிக்கும். விதி சரி, அளவு மிகை. விதியே இல்லாமல் விடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு.

எப்ஸ்டீன் எஞ்சின் வெளியிடும் வெப்பம் எங்கே போகிறது என்பதற்கு விடையில்லை. அந்தக் கப்பல்களில் வெப்பத்தை வெளியேற்றும் பெரிய தகடுகளைக் காணவில்லை. வெற்றிடத்தில் வெடிச்சத்தம் கேட்கிறது. பெல்டர்கள் எல்லோரும் நெட்டையாக இருக்க வேண்டும். அவ்வளவு நெட்டையான நடிகர்களுக்கு எங்கே போவது? தொடக்கத்தில் சிலரைக் காட்டிவிட்டு அந்த விஷயத்தை மெல்ல நழுவவிட்டுவிட்டார்கள். எலும்பு மருந்து என்ற சாக்கு அதற்கும் பயன்படுகிறது. எடையற்ற காட்சிகளில் எல்லோரும் காந்தக் காலணி போட்டுக்கொண்டு நடப்பதும் பாதி அறிவியல், பாதி சிக்கனம்.

இவ்வளவு அடர்த்தி எங்கிருந்து வந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் ஒன்று. இந்த உலகம் கதைக்காகப் பிறந்ததில்லை. டை ஃபிராங்க் இதை முதலில் இணைய விளையாட்டு ஒன்றுக்காக உருவாக்கி, பிறகு நண்பர்களோடு பாத்திரமேற்று ஆடும் விளையாட்டாக நடத்தினார். டேனியல் ஆபிரகாம் அதைப் பார்த்துவிட்டு இருவரும் சேர்ந்து ஒரே புனைபெயரில் நாவல்களாக எழுதினார்கள். முதல் நாவல் 2011-இல் வந்தது. விளையாட்டு நடத்துபவருக்கு ஒரு தொல்லை உண்டு: ஆடுகிறவர்கள் எந்தக் கதவை வேண்டுமானாலும் திறப்பார்கள். இங்கே தண்ணீர் யாருடையது, இந்தச் சுவருக்குப் பின்னால் என்ன, இவனுக்குச் சம்பளம் தருவது யார் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாக வேண்டும். அந்தப் பதில்களில் பெரும்பகுதி திரைக்கு வராமலே இருக்கிறது; இருக்கிறது என்ற உணர்வு மட்டும் வருகிறது. நாவலாசிரியர்கள் இருவரும் தொடரின் எழுத்தறையிலும் உட்கார்ந்தார்கள். தொடரை நடத்திய நரேன் சங்கர் பயன்பாட்டு இயற்பியல் படித்து முனைவர் பட்டம் பெற்றவர்.

மற்ற தொடர்களைத் தாழ்த்துவது என் நோக்கமில்லை. 1990-களில் ‘பாபிலோன் 5’ சுழலும் நிலையத்தையும், விண்வெளியில் உண்மையாகவே பக்கவாட்டில் வழுக்கித் திரும்பும் போர்க்கலங்களையும் காட்டிவிட்டது. 2004-இல் வந்த ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’வில் காகிதங்களின் நான்கு மூலைகளும் வெட்டப்பட்டிருக்கும், காரணம் யாரும் சொல்லமாட்டார்கள். அந்த வெட்டிய மூலைகள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் மூலைகள் முழுதாக இருந்திருந்தாலும் கதை அப்படியேதான் நடந்திருக்கும். பெல்டரின் எலும்பை மாற்றிப் பாருங்கள், ‘தி எக்ஸ்பேன்ஸ்’ கதையே இருக்காது.

விதிகளில் இவ்வளவு கறாராக இருந்ததன் பலன், வேற்றுலகப் பொருள் ஒன்று அந்த விதிகளை மீறும்போது கிடைக்கிறது. இரண்டாம் சீசனில் ஈரோஸ் என்ற சிறுகோள், தன்மேல் மோதவரும் நாவூவைத் தவிர்த்து நகர்ந்துவிடுகிறது. எஞ்சின் இல்லை, புகை இல்லை. உண்மையான ஈரோஸ் 30 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள பாறை. மற்ற தொடர்களில் இப்படி ஒன்று வாரம் ஒருமுறை நடக்கும். நாமும் கொட்டாவி விடுவோம். இங்கே, அவ்வளவு வேகத்தில் நகரும் அந்தப் பாறைக்குள் நிற்கும் மில்லருக்கு ஒரு அழுத்தமும் தெரியவில்லை என்றதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எப்ஸ்டீன் நசுங்கிச் செத்ததைப் பார்க்கும் முன்பே, பத்துப் பதினைந்து எபிசோடுகளாக ஒவ்வொரு முடுக்கத்துக்கும் இவர்கள் ஊசி போட்டுக்கொண்டு முனகுவதைப் பார்த்துப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தின்மேல்தான் அந்த பயம் உட்காருகிறது.

நீங்கள் நிறுத்தியிருப்பது மூன்றாவது எபிசோடில். நான்காவதை மட்டும் பாருங்கள். செவ்வாயின் போர்க்கப்பல் ஒன்றுக்குள் நம் ஆட்கள் அடைபட்டிருக்கும்போது சண்டை மூளும். கப்பலைச் சுற்றிக் கேடயம் எதுவும் கிடையாது. வருகிற குண்டு ஒரு சுவரில் நுழைந்து எதிர்ச்சுவரில் வெளியேறும், நடுவில் யார் இருந்தாலும். அதன் பிறகு இரண்டு ஓட்டைகள், அவற்றின் வழியே ஓடும் காற்று, அதை அடைக்கக் கையில் கிடைத்ததைத் தேடும் நான்கு பேர். யார் எந்தக் கட்சி என்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, அவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.